இலையுதிர்காலக் களைக்கொல்லியும் வீட்டுப் புல்வெளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஒஹையோ, மிச்சிகன், இல்லினாய் போன்ற அமெரிக்க மாநிலங்களில் வீட்டைச் சுற்றிப் புல்வெளி வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அங்கே வளர்வன பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, பெரெனியல் ரைகிராஸ் ஆகிய குளிர்நிலப் புற்கள். டெக்சாஸ் போன்ற வெப்ப மாநிலங்களுக்கும், சட்டமே வேறாக இருக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் தனியே பதில்கள் உள்ளன.

டேன்டிலியன் பூப்பது ஏப்ரல், மே மாதங்களில். அப்படியிருக்க, மருந்தை ஏன் செப்டம்பர், அக்டோபரில் அடிக்கச் சொல்கிறார்கள்?

டேன்டிலியன், வெள்ளைக் கிளோவர், பிளான்டைன், கிரீப்பிங் சார்லி ஆகியவை பல்லாண்டுக் களைகள். பனிக்காலத்தில் மேலே உள்ள இலை கருகினாலும் அடியில் உயிர் இருந்து, அடுத்த வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். அதற்கு வேண்டிய சத்தை அவை இலையுதிர்காலத்தில்தான் சேர்த்து வைக்கின்றன. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும், இலையில் உருவாகும் சர்க்கரைச் சத்து கீழ்நோக்கி வேருக்கு இறங்குகிறது. 2,4-டி, டைகாம்பா போன்ற ஊடுருவும் களைக்கொல்லிகள் இலை வழியே உட்புகுந்து அந்த ஓட்டத்தோடு சேர்ந்தே வேர்வரை போய்ச் சேர்ந்துவிடும். வசந்தத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. வேரில் இருந்த சேமிப்பு மேலேறி இலையையும் பூவையும் உண்டாக்கும் நேரம் அது. அப்போது அடித்தால் இலை சுருண்டு காய்வதைப் பார்த்து நமக்கு மனநிறைவு கிடைக்கும். ஆனால் ஆழத்தில் இருக்கும் ஆணிவேரின் அடிப்பகுதி பிழைத்துக்கொண்டு சில வாரங்களில் மறுபடி தலைகாட்டுவது வழக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஹென்பிட், பர்பிள் டெட்நெட்டில், சிக்வீட், ஹேரி பிட்டர்கிரெஸ், போவா அன்யுவா எனப்படும் ஓராண்டு புளூகிராஸ் ஆகியவை குளிர்கால ஓராண்டுக் களைகள். இவை கோடையின் இறுதியிலும் இலையுதிர்காலத்திலும் முளைத்து, சின்னஞ்சிறு செடிகளாகப் பனிக்கு அடியில் கிடந்து, மார்ச், ஏப்ரலில் திடீரென எழுந்து பூக்கும். ஊதாப் பூக்கள் பரவிக் கிடப்பதைப் பார்த்துத்தான் பலரும் கடைக்கு ஓடுகிறார்கள். அதற்குள் விதை கட்டத் தொடங்கியிருக்கும். கோடை வெயில் வந்தால் அந்தச் செடிகள் தாமாகவே மடியப் போகின்றன. ஆகவே அந்த நேரத்தில் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

முளைக்கும் முன் இடுவது, முளைத்த பின் அடிப்பது என்று இரண்டு வகை சொல்கிறார்களே, இலையுதிர்காலத்தில் எது வேண்டும்?

இரண்டுக்கும் வேலை உண்டு, ஆனால் வேலை வேறு. ஏற்கெனவே நிற்கும் பல்லாண்டுக் களைகளை அழிக்க, முளைத்த பின் அடிக்கும் களைக்கொல்லி வேண்டும். 2,4-டி, மெக்கோப்ராப், டைகாம்பா மூன்றும் கலந்த திரவமே கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது. அது அகன்ற இலைக் களைகளைத் தாக்கும். அளவு மீறாதவரை மேலே சொன்ன குளிர்நிலப் புற்களைப் பெரிதாகப் பாதிக்காது.

இனி முளைக்கப்போகும் களைகளைத் தடுக்க, முளைக்கும் முன் இடும் களைக்கொல்லி வேண்டும். புரோடையமின், டைத்தயோபிர், பென்டிமெத்தலின் ஆகியவை இந்த வகை. ஊரில் நிலக்கடலைக்கும் வெங்காயத்துக்கும் விதைத்த கையோடு பென்டிமெத்தலின் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இவை விதையைக் கொல்வதில்லை. மண்ணின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக நின்று, முளைவிட்ட நாற்றின் வேர்நுனியில் செல் பிரிவதைத் தடுக்கின்றன; வேர் ஊன்ற முடியாமல் நாற்று மடிகிறது. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் டேன்டிலியனை இவை ஒன்றும் செய்யா. சிக்வீட், ஹென்பிட் போன்ற அகன்ற இலைக் களைகளே முதன்மைத் தொல்லை என்றால் ஐசாக்சபென் கலந்த மருந்து பொருத்தமானது. ஓராண்டு புளூகிராஸ் தொல்லை என்றால் புரோடையமின் போன்றவை.

எந்தத் தேதியில் இடுவது?

தேதியைவிட மண்ணின் வெப்பத்தை நம்புவது நல்லது. முளைக்கும் முன் இடும் மருந்து, இரண்டு அங்குல ஆழத்தில் மண் வெப்பநிலை 70 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 21 டிகிரி செல்சியசுக்கு இறங்கும் வேளையில் மண்ணில் இருக்க வேண்டும். வடமாநிலங்களில் இது ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள் வரும். நல்ல சமையல் வெப்பமானி ஒன்றை மண்ணுக்கென்று ஒதுக்கிக்கொண்டால் போதும். சில நாட்கள் காலையில் தொடர்ந்து பார்த்தால் போக்கு தெரிந்துவிடும்.

முளைத்த பின் அடிப்பதற்குக் காலம் தாராளம். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை, பகல் வெப்பம் 50 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும் நாட்களில் அடிக்கலாம். முதல் இலேசான உறைபனி விழுந்துவிட்டதே என்று கைவிட வேண்டியதில்லை. டேன்டிலியனின் இலை பச்சையாக இருக்கும்வரை அது மருந்தை ஏற்கும். குளிரில் வேலை மெதுவாக நடப்பதால், அக்டோபர் இறுதியில் அடித்த செடி இலேசாக முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்பதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி அடிப்பவர்கள் உண்டு. அது தேவையில்லை. பல செடிகள் பனிக்காலத்திலேயே செத்து, வசந்தத்தில் எழாமல் போகும்.

கிராப்கிராஸுக்கும் இப்போதே மருந்து இட்டுவிடலாமா?

வேண்டாம். கிராப்கிராஸ் கோடை ஓராண்டுக் களை. முதல் கடும் உறைபனியோடு அதன் கதை முடிந்துவிடும். அது விட்டுச்சென்ற விதைக்கான தடுப்பு மருந்தை, வசந்தத்தில் மண் வெப்பம் 55 டிகிரி பாரன்ஹீட்டை எட்டிச் சில நாட்கள் அங்கேயே நிற்கும்போது இட வேண்டும்.

புல் விதையும் தூவ வேண்டும், களைத்தடுப்பு மருந்தும் இட வேண்டும். எதை முதலில் செய்வது?

இலையுதிர்காலப் புல்வெளிப் பராமரிப்பில் மிகுதியான பணமும் உழைப்பும் வீணாவது இந்த இடத்தில்தான். வடமாநிலங்களில் விதை தூவுவதற்கு மிகச் சிறந்த காலம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை. முளைக்கும் முன் இடும் மருந்துக்கும் அதுவே காலம். அந்த மருந்துக்குக் களையின் விதை எது, நீங்கள் விலை கொடுத்து வாங்கிய ஃபெஸ்க்யூ விதை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் களையும் வராது, புல்லும் வராது. மருந்தை இட்டபின் மறுபடி விதை தூவ, மருந்தையும் அளவையும் பொறுத்துப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்; லேபிளில் அந்த இடைவெளி எழுதப்பட்டிருக்கும்.

எனவே ஓர் இலையுதிர்காலத்தில் ஓர் இடத்துக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதைத் தேர்வது என்பதற்கு எங்கள் கருத்து இதுதான்: புல்வெளியில் வெற்றுத்தரை தெரிகிறது, கால் வைத்தால் மண் ஒட்டுகிறது என்றால், அந்த ஆண்டு விதையே முதலில். களை மருந்தால் காலியான இடம் காலியாகவே இருக்காது. நீங்கள் நிரப்பாவிட்டால் அடுத்த களை நிரப்பும். புல் அடர்ந்து, குளிர்காலக் களைகள் மட்டும் அங்கங்கே தொல்லை தருகின்றன என்றால் தடுப்பு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். முன்புறம் அடர்த்தி, பின்புறம் வழுக்கை என்றால் முன்னே மருந்து, பின்னே விதை என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மீசோட்ரையோன் என்னும் மருந்தை, கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, பெரெனியல் ரைகிராஸ் விதைக்கும்போதே இடலாம். களைகள் பச்சையம் இழந்து வெளுத்து மடியும். சில வேளை புல்லும் கொஞ்ச நாள் வெளிறும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் எல்லாப் புல்வகைகளும் இதைத் தாங்கா என்பதால், விதைப் பையில் எந்தெந்தப் புல் கலந்திருக்கிறது என்பதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

2,4-டி கலந்த திரவத்துக்கும் விதைக்கும் இடையிலும் இடைவெளி வேண்டும். அதை அடித்துவிட்டு விதைப்பதானால் பொதுவாக மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும். விதைத்த பின் அடிப்பதானால், புதுப் புல்லைக் குறைந்தது மூன்று, நான்கு முறை வெட்டிய பிறகே அடிக்க வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் விதைத்தவருக்கு அக்டோபர் இறுதியில் இந்த வாய்ப்புக் கிடைக்கலாம். பிந்தி விதைத்தவர் அந்த ஆண்டு களைகளைக் கையால் பிடுங்கிச் சமாளிப்பதே மேல்.

உரமும் களைக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த குருணை மூட்டை நல்லதுதானே? ஒரே வேலையாக முடிந்துவிடுமே?

முடிவது போலத் தோன்றும். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் குருணை, காலைப் பனித்துளி படிந்த ஈர இலையில் ஒட்டிக்கொண்டு, ஒரு நாளாவது தண்ணீர் படாமல் இருந்தால்தான் வேலை செய்யும். உலர்ந்த இலையில் விழுந்த குருணை உருண்டு மண்ணுக்குப் போய்விடும். களைத்தடுப்புக் குருணைக்கோ இதற்கு மாறாக, இட்ட சில நாட்களுக்குள் ஏறத்தாழ அரை அங்குலத் தண்ணீர் பாய்ந்து அது மண்ணில் இறங்க வேண்டும். இரண்டு மூட்டைகளும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால் பலர் எல்லாவற்றுக்கும் தண்ணீர் பாய்ச்சிவிடுகிறார்கள், அல்லது எதற்கும் பாய்ச்சாமல் விட்டுவிடுகிறார்கள். மேலும் களை பத்து இடத்தில் மட்டும் இருக்க, மருந்தை வீட்டு எல்லைவரை பரப்புவது தேவையற்ற செலவு. உரத்தைத் தனியே முழுவதும் இட்டு, திரவக் களைக்கொல்லியைக் களை இருக்கும் இடத்தில் மட்டும் கைத்தெளிப்பானால் அடிப்பது சிக்கனம்.

கடையில் வரிசையாக நிற்கும் பாட்டில்களில் எதைத் தேர்வது?

பெயரைப் பார்க்க வேண்டாம். சிறிய எழுத்தில் இருக்கும் செயல்படும் பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். ஒரே வணிகப் பெயரில் முற்றிலும் வேறான மருந்துகள் விற்கப்படுகின்றன. ரவுண்டப் என்ற பெயரில் புல், களை அனைத்தையும் கொல்லும் பாட்டிலும் உண்டு. புல்லை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்லும் புல்வெளிப் பாட்டிலும் உண்டு. அவசரத்தில் மாற்றி எடுத்தால், புல்வெளியில் வட்ட வட்டமாகப் பழுப்பு நிறத் தழும்புகள் அடுத்த வசந்தம்வரை நிற்கும்.

லேபிளில் உங்கள் புல்வகை, உங்கள் களை, ஆயிரம் சதுர அடிக்கு எவ்வளவு என்ற அளவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். லேபிளுக்கு மாறாகப் பூச்சிமருந்தையோ களைக்கொல்லியையோ பயன்படுத்துவது அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டத்தை மீறுவதாகும். அளவைக் கூட்டினால் விரைவாகச் சாகும் என்பதும் தவறு. இலை உடனே கருகிவிட்டால், மருந்து வேருக்கு இறங்கும் வழியே அடைபட்டுப் போகும்.

தெளிக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை எவை?

முதலில் உதிர்ந்த மர இலைகளை வாரிவிடுங்கள்; களையின் மேல் மேப்பிள் இலை கிடந்தால் மருந்து மேப்பிள் இலைக்குத்தான் போகும். தெளிப்பதற்கு இரண்டு நாள் முன்பும் இரண்டு நாள் பின்பும் புல் வெட்ட வேண்டாம், ஏனெனில் மருந்தை உள்வாங்க இலைப்பரப்பு வேண்டும், உள்வாங்கியது வேருக்குப் போக நேரமும் வேண்டும். அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை இல்லாத நாளாகவும், காற்று மணிக்குப் பத்து மைலுக்குக் குறைவாகவும் இருக்கட்டும். நீண்ட கால்சட்டை, மூடிய காலணி, கையுறை அணிவதோடு, அடர்திரவத்தை அளந்து ஊற்றும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். 2,4-டியின் அமைன் உப்பு கண்ணில் பட்டால் நிலையான பாதிப்பை உண்டாக்கலாம்.

கிரீப்பிங் சார்லி ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வருகிறது. என்ன செய்வது?

2,4-டி கலவை அதற்கும் காட்டு வயலட்டுக்கும் பெரும்பாலும் போதாது. டிரைக்ளோபிர் கலந்த மருந்தை இலையுதிர்காலத்தில் அடித்து, லேபிள் அனுமதித்தால் மூன்று, நான்கு வாரம் கழித்து மறுமுறை அடிக்க வேண்டியிருக்கும். இரண்டும் நிழலையும் ஈரத்தையும் விரும்புபவை. மரத்தடியில் வெயிலே படாத இடத்தில் புல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, அங்கே மரத்துகள் பரப்பிவிடுவதோ நிழல்தாங்கும் செடி வைப்பதோ அறிவுடைமை.

பின்புறத்தில் தக்காளி, கத்தரி, அவரை வைத்திருக்கிறோம். மரங்களும் உண்டு. ஆபத்தா?

தக்காளி, கத்தரி, திராட்சை ஆகியவை 2,4-டியின் மிகச் சிறிய சாரலுக்கே இலை முறுக்கிக்கொள்ளும். காய்ப்பு முடிந்து கொடிகளைப் பிடுங்கியபின் அடிக்க முடிவது இலையுதிர்காலத்தின் தனி நன்மை. வெளியில் இருக்கும் கறிவேப்பிலை, மல்லிகைத் தொட்டிகளைக் குளிருக்காக உள்ளே கொண்டுபோகும் வேலையைத் தெளிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மரங்களில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. டைகாம்பா மண்ணில் இறங்கி வேரால் உறிஞ்சப்படக் கூடியது. ஆகவே மரத்தின் கிளை விரியும் பரப்புக்கு அடியில் அதைத் தாராளமாக அடிக்கக் கூடாது. டூபாண்ட் நிறுவனத்தின் இம்ப்ரெலிஸ் என்ற புல்வெளிக் களைக்கொல்லி சந்தைக்கு வந்த சில மாதங்களிலேயே நார்வே ஸ்புரூஸ், வெள்ளை பைன் மரங்கள் பல இடங்களில் கருகின. 2011 ஆகஸ்டில் அதன் விற்பனையை நிறுத்துமாறு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆணையிட்டது.

வெட்டிய புல்லையும் மறக்க வேண்டாம். தெளித்தபின் முதல் சில முறை வெட்டும் புல்லைக் காய்கறிப் பாத்தியில் மூடாக்காக இடுவதையும் எருக்குழியில் போடுவதையும் பல லேபிள்கள் தடுக்கின்றன. குளோபிராலிட் என்ற களைக்கொல்லி மக்கிய உரத்திலும் அழியாமல் நின்று தக்காளி, பட்டாணிச் செடிகளைக் கெடுத்ததால், 2002இல் வீட்டுப் புல்வெளிப் பயன்பாடு அதன் லேபிளிலிருந்தே நீக்கப்பட்டது.

குழந்தைகளும் நாயும் புரளும் புல்வெளி. இந்த மருந்துகள் பாதுகாப்பானவையா?

முழுவதும் தீங்கற்றவை என்று எவரும் சொல்ல முடியாது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 2,4-டியை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, லேபிளின்படி பயன்படுத்தினால் ஏற்கத்தக்கது என்ற நிலைப்பாட்டில் அதை அனுமதித்து வருகிறது. முதலாவது ஒரு பொருளால் தீங்கு நேரும் வாய்ப்பு உண்டா என்பதைப் பார்க்கிறது. இரண்டாவது குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட முறையில் என்ன நேரும் என்பதைக் கணக்கிடுகிறது. தெளித்த இடம் முழுவதும் காயும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது என்பது லேபிளின் குறைந்தபட்ச விதி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த ஆண்டு மருந்தே வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால் அதைப் பயந்த மனம் என்று ஒதுக்க மாட்டோம். புல்வெளியில் கிளோவர் இருப்பது பேராபத்து அல்ல.

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். எங்களுக்கும் இதே முறைதானா?

இல்லை. டெக்சாஸ், ஜார்ஜியா பகுதிகளின் புல்வெளிகளில் பெர்முடா, ஜொய்சியா, செயின்ட் அகஸ்டின் ஆகிய வெப்பநிலப் புற்கள் வளர்கின்றன. பெர்முடா என்பது நம் அருகம்புல்லேதான். இவை குளிர்காலத்தில் பழுப்பாகி உறங்கும்போது, பச்சையாக எழும் ஓராண்டு புளூகிராஸும் ஹென்பிட்டும் தொலைவிலிருந்தே கண்ணில் படும். ஆகவே இலையுதிர்காலத் தடுப்பு மருந்து அங்கே இன்னும் பயனுள்ளது. மண் 70 டிகிரிக்கு இறங்குவது வடக்கைவிடப் பிந்தி நிகழும். குளிர்காலப் பசுமைக்காக ரைகிராஸ் விதை தூவுபவர்கள் தடுப்பு மருந்தைத் தவிர்க்க வேண்டும். டிரைக்ளோபிர் பெர்முடாவையும், 2,4-டி செயின்ட் அகஸ்டினையும் பாதிக்கும். வடக்கே இருக்கும் நண்பர் பரிந்துரைத்த பாட்டிலை அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

மருந்திட்ட புல்வெளியிலிருந்து பிள்ளையாருக்கு அருகம்புல் பறிக்கலாமா என்று விநாயகர் சதுர்த்தியை ஒட்டிச் சிலர் கேட்பதுண்டு. பூசைக்குரியதும் பிரசாதத்தோடு சேர்ந்து வாய்க்குப் போகக்கூடியது. சாறு பிழிந்து குடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொட்டியில் தனியே வளர்த்துக்கொள்ளுங்கள்.

டொரன்டோவில் இந்த மருந்துகள் கடையிலேயே கிடைப்பதில்லையே?

ஒன்டாரியோவில் அழகுக்காகப் புல்வெளியில் களைக்கொல்லி அடிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2,4-டி உட்பட மேலே சொன்ன பெரும்பாலான மருந்துகள் அதில் அடங்கும். இதற்கு வித்திட்டது கியூபெக்கின் ஹட்சன் என்ற சிறு நகரம். அது 1991இல் கொண்டுவந்த தடையைக் கனடா உச்ச நீதிமன்றம் 2001இல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எல்லை தாண்டி பஃபலோவில் வாங்கி வந்து அடிப்பதும் சட்டமீறலே.

அனுமதிக்கப்பட்டவற்றுள் பயனுள்ளது இரும்புச் சத்தை அடிப்படையாகக் கொண்ட தெளிப்பு மருந்து. அகன்ற இலைகள் ஒரு நாளுக்குள் கறுத்துவிடும், புல்லுக்குக் கேடில்லை. ஆனால் டேன்டிலியனின் வேரை ஒரே தடவையில் கொல்லாது என்பதால் மறுமுறையும் அடிக்க வேண்டும். மக்காச்சோளப் பசைமாவு இன்னொன்று. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட இந்தக் களைத்தடுப்பில் ஏறத்தாழ பத்து விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால் உரமாகவும் உதவும். களைத்தடுப்பாக அதன் பலன் ஏறுமாறாகவே இருக்கிறது.

மருந்தே இல்லாமல் களையைக் குறைக்க முடியுமா?

பெருமளவு முடியும், ஆனால் இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும். புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். நிழல் விழுந்த மண்ணில் களை விதை எளிதில் முளைக்காது. குளிர்நிலப் புல்லுக்கு ஆண்டின் முதன்மை உரத்தை வசந்தத்தில் கொட்டாமல் செப்டம்பரில் இடுங்கள். மிதிபட்டு இறுகிய இடத்தில் மண்ணுக்குத் துளையிட்டுக் காற்றோட்டம் தந்து, அதன் மேல் விதை தூவுங்கள். மழைக்கு மறுநாள் நீண்ட களைக்கொட்டால் டேன்டிலியனை வேரோடு நெம்பி எடுப்பது, களை குறைவாக உள்ள வீட்டில் தெளிப்பானைக் கழுவி மூடும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மீந்த மருந்தை என்ன செய்வது?

கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிடுங்கள்; அதனால் தேவைக்கு மட்டும் கலப்பது முக்கியம். அடர்திரவத்தை அது வந்த பாட்டிலிலேயே, பூட்டிய அலமாரியில், உறைந்துபோகாத இடத்தில் வையுங்கள். வடமாநிலக் கராஜில் ஜனவரியில் திரவம் உறையும் என்பதால் பேஸ்மென்ட் ஏற்றது. குளிர்பானப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது. வேண்டாததைச் சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்டாமல், உங்கள் கவுன்ட்டி நடத்தும் வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் ஒப்படையுங்கள். எவரேனும் விழுங்கிவிட்டாலோ கண்ணில் பட்டாலோ அமெரிக்காவில் 1-800-222-1222 என்ற நச்சுத் தடுப்பு மைய எண்ணை அழைத்து, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதிலுள்ள பொருள்களின் பெயரைப் படித்துச் சொல்லுங்கள்.